இலை நீலமாக இருந்தால் பயப்பட வேண்டாம்

வேட்டியில் மஞ்சள்கறை பட்டால் வீட்டில் என்ன செய்வார்கள்? சோப்புப் போட்டால் கறை இன்னும் சிவந்துகொண்டு நிற்கும். அலசி, நல்ல வெயிலில் விரித்துப் போட்டால் சாயங்காலத்துக்குள் வெளுத்துவிடும். நெதர்லாந்தின் 17, 18ஆம் நூற்றாண்டுப் பூ ஓவியங்களுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். அங்கே ஒரு பகல் பிடிக்கவில்லை, பல ஆண்டுகள் பிடித்தன.

இப்படி ஓர் ஓவியம் விற்பனைக்கு வருகிறது என்று வையுங்கள். கண்ணாடிக் குடுவை, துலிப், ரோஜா, ஐரிஸ், இதழ் ஓரத்தில் ஒரு நீர்த்துளி, தண்டில் ஊரும் எறும்பு. எல்லாம் அச்சு அசல். இலைகள் மட்டும் நீலம். வாங்க வந்தவருக்கு வயிற்றைக் கலக்கும்.

ஓவியர் தவறிவிட்டார் என்று சொல்ல வழியில்லை. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த யான் வான் ஹைசம், அசல் பூ பூக்கும்வரை காத்திருந்து வரைபவர் என்று பெயரெடுத்தவர். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள அவருடைய படம் ஒன்றில் 1736, 1737 என்று இரண்டு ஆண்டுகள் எழுதப்பட்டிருக்கின்றன. அப்படிப்பட்டவரின் படங்களிலும் இலைகள் நீலம் பாய்ந்துதான் கிடக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு அரைகுறையாகச் செய்கிற தொழிலும் அல்ல அது. அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பு, 1621இல், அம்ப்ரோசியஸ் பாஸ்கார்ட் என்ற பூ ஓவியர் ஒரே ஒரு படத்துக்கு 1000 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) விலை பேசியிருந்தார். அதைக் கொடுக்கப் போன ஊரிலேயே இறந்தும் போனார், பாவம்.

கோளாறு பச்சையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் நம்பகமான பச்சை நிறமி அரிது. செம்பிலிருந்து எடுத்த பச்சை நாளாவட்டத்தில் பழுப்பாகிவிடும். அதனால் நீலத்தையும் மஞ்சளையும் கலந்தோ, நீலத்தின் மேல் மஞ்சளை மெல்லிய படலமாகப் பூசியோ பச்சை காட்டினார்கள். அந்த மஞ்சள் பெரும்பாலும் செடிச்சாயம். சாயச்செடியைக் கொதிக்கவைத்து, படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்தால் சாயம் வெள்ளைத் தூளில் ஏறிப் படியும். அதை எண்ணெயில் குழைத்தால் வண்ணம் தயார்.

சாய மூலக்கூறில் கார்பன் அணுக்கள் ஒன்றுவிட்டு ஒன்று இரட்டைப் பிணைப்போடு கோத்துக் கிடக்கின்றன. நீல ஒளியை உறிஞ்சி மஞ்சளாகத் தெரிவது அந்தக் கோர்வையால்தான். உறிஞ்சிய ஆற்றலும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து கோர்வையை எங்காவது அறுத்துவிட்டால், மூலக்கூறு அங்கேயே இருக்கும், நிறம் இருக்காது. கூட இருந்த நீலமோ கல்லிலிருந்து வந்தது. ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையில் வெட்டிய லாபிஸ் கல்லின் நீலம், கனிமக் கூண்டுக்குள் சிறைப்பட்ட கந்தக அணுக்களின் வேலை. வெளிச்சம் அதை அசைக்காது. மஞ்சள் போனது, நீலம் தங்கியது.

கனிமம் என்றாலே கெட்டி என்றும் நினைத்துவிடக் கூடாது. நாடகக்காரர்கள் பூசும் ‘அரிதாரம்’ என்ற சொல்லுக்கு மூலப்பொருள் ஒரு கல். ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த, தங்கம்போல் மின்னும் மஞ்சள் கல். டச்சு ஓவியர்கள் மஞ்சள் ரோஜாவுக்கு அதையே அரைத்துப் பூசினார்கள். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் ஆபிரகாம் மினியோன் வரைந்த பூங்கொத்து ஒன்று இருக்கிறது, பக்கத்தில் ஒரு கடிகாரத்தோடு. அதில் மஞ்சள் ரோஜா மட்டும் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாகத் தெரிந்தது. ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகமும் அருங்காட்சியகமும் சேர்ந்து ஆராய்ந்து 2022இல் காரணத்தை வெளியிட்டன. ஒளி பட்ட அரிதாரம் சிதைய, வெளியேறிய ஆர்செனிக் பக்கத்திலிருந்த ஈயத்தோடு சேர்ந்து நிறமற்ற உப்பாக மாறியிருந்தது. இதழ் மடிப்புகளின் நிழலும் ஒளியும் அதோடு அழிந்தன.

படத்தைச் சுரண்டாமலே இதைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அளவில் ஒரு எக்ஸ் கதிரைத் திருப்பி வீசும். புள்ளி புள்ளியாக அதை அளந்து, ஆர்செனிக் எங்கெங்கே என்று வரைபடம் எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத இதழ்கள் தூரிகைத் தடத்தோடு எழுந்து வருகின்றன. செடிச்சாயத்திடம் இந்த வித்தை பலிக்காது. அதில் இருப்பது கார்பனும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும்தான், அவை கருவிக்குப் பிடிபடுவதில்லை. தூசியளவு மாதிரி எடுத்து வேதியியல் பகுப்பாய்வுதான் செய்ய வேண்டும்.

நீல இலை இருந்துவிட்டால் படம் அசல் என்று ஆகிவிடாது. போலி வரைபவரும் இலையை நீலமாகத் தீட்டலாம். அதனால் நிறமிகளின் பிறந்த தேதியைப் பார்ப்பார்கள். பிரஷ்ய நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்தது. டைட்டானியம் வெள்ளை 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ‘1660’ என்று விற்கப்படும் படத்தில் இவை இருந்தால், பின்னாளில் யாரோ பழுது பார்த்திருக்க வேண்டும், இல்லையேல் படமே பொய். ஈயமும் வெள்ளீயமும் கலந்த மஞ்சள் நேர்மாறு, அது இருந்தால் படம் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். 1750 வாக்கில் வழக்கொழிந்த அதை 1941இல் ஜெர்மனியின் ரிச்சர்ட் யாகோபிதான் மறுபடி அடையாளம் கண்டார். அதற்கு முன் போலி வரைந்தவர்களுக்கு அப்படி ஒரு மஞ்சள் இருந்ததே தெரியாது.

கருவி எதுவும் இல்லாமல் பார்க்கக்கூடியதும் ஒன்று உண்டு. விற்பவரிடம் சட்டத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம். சட்டத்தின் விளிம்பு மூடியிருந்த இடத்துக்கு வெளிச்சம் போயிருக்காது. அங்கே ஓர் இலையின் நுனி நீண்டிருந்தால், விரலகலத்துக்கு அது இன்னும் பச்சையாக இருக்கக்கூடும்.