செக்ஸ் வொர்க்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஜெர்மனி பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது ஒரே வாக்கியத்தில் அரை நாள் நின்றுவிட்டேன். அதில் இரண்டு சொற்கள் வந்தன. ஒன்று பணத்துக்காகப் பாலுறவு கொள்ளும் வேலையைச் செய்யும் பெண்ணின் உழைப்பைக் குறித்தது, இன்னொன்று விடுதி முதலாளி, விளம்பரம், இணையதளம் எல்லாம் சேர்ந்த சந்தையைக் குறித்தது. இரண்டுக்கும் என் கை 'பாலியல் தொழில்' என்றே எழுதியது. எழுதிவிட்டுப் படித்தால் பெண்ணும் முதலாளியும் ஒரே ஆள் மாதிரி இருந்தார்கள். அன்றிலிருந்து இந்தச் சொல்லை விடாமல் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பழைய ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். 'பிராஸ்டிடியூட்' லத்தீனிலிருந்து வந்தது. 'ப்ரோ' என்றால் முன்னால், 'ஸ்டாட்டுவெரே' என்றால் நிறுத்துவது. ஆக, விற்பனைக்காக முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்பட்டவள். அந்தச் சொல்லுக்குள் அவள் எதுவும் செய்வதில்லை, யாரோ அவளை நிறுத்துகிறார்கள். இதை மாற்றியவர் கேரல் லீ என்ற அமெரிக்கப் பெண், அந்த வேலையைச் செய்தவர். 1970களின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் பெண்ணியவாதிகள் நடத்திய ஒரு மாநாட்டுக்குப் போகிறார். அங்கே ஒரு அமர்வின் தலைப்பில் இதைப் 'பயன்படுத்திக்கொள்ளும்' துறை என்கிற பொருளில் ஒரு சொல் போட்டிருந்தார்கள். தன்னை ஒரு பயன்படு பொருளாக எழுதியிருந்த அந்தத் தலைப்பு அவரைச் சுட்டது. ஆண்கள் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்வதைவிட நாங்கள் வேலை செய்கிறோம் என்று சொல்லுங்கள் என்றார். 'செக்ஸ் வொர்க்' அப்படித்தான் பிறந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம்கூட அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. கேரல் லீ 2022இல் காலமானார்.

சரி, பணக்கார நாடுகள் இந்தச் சொல்லை எப்படி எடுத்துக்கொண்டன என்பதுதான் சுவாரஸ்யமான பகுதி, ஏனென்றால் அவை ஒருமனதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

2002 வரை ஜெர்மனியில் இந்த வேலை குற்றமில்லை, ஆனால் 'நல்லொழுக்கத்துக்கு எதிரானது' என்று கருதப்பட்டதால் அதற்கான ஒப்பந்தம் செல்லாது. பேசிய பணத்தைக் கொடுக்காமல் போனவன் மேல் அவள் வழக்குப் போட முடியாது. 2002இல் வந்த சட்டம் அதை மாற்றிக் கூலி கேட்கும் உரிமையைக் கொடுத்தது. அப்புறம் 2017இல் இன்னொரு சட்டம் வந்து பதிவைக் கட்டாயமாக்கியது. சுகாதார ஆலோசனைக்குப் போய்விட்டு அலுவலகத்தில் பதிந்தால் படம் ஒட்டிய ஒரு அட்டை தருவார்கள். கேட்டால் இன்னொரு அட்டையும் உண்டு, அதில் புனைபெயர் இருக்கும். அந்த இரண்டாவது அட்டைதான் என்னை உலுக்கியது. சட்டம் இதை வேலை என்கிறது, ஆனால் இந்த வேலைக்குச் சொந்தப் பெயரோடு யாரும் போக மாட்டார்கள் என்பதும் அதே சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. தச்சருக்கோ செவிலியருக்கோ புனைபெயர் அட்டை எந்த அரசாங்கமும் தருவதில்லை.

2022 முடிவில் அப்படிப் பதிந்திருந்தவர்கள் சுமார் 28,000 பேர். அவர்களில் ஜெர்மன் குடியுரிமை உள்ளவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மூன்றில் ஒருவருக்கு மேல் ருமேனியர்கள். பணக்கார நாட்டில் தாராளமான சட்டம், வேலைக்கு வருவதோ பக்கத்து ஏழை நாட்டுப் பெண்கள். 'வொர்க்' என்ற சொல்லை எதிர்ப்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள், அதைத் தள்ளிவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

ஸ்வீடன் நேர் எதிர்ப்பக்கம் போனது. 1999 ஜனவரி 1 முதல் அங்கே விற்பது குற்றமில்லை, வாங்குவதுதான் குற்றம். சட்டத்தின் பெயரே 'செக்ஸ் வாங்கல்' என்ற பொருளில் இருக்கிறது. நார்வே, ஐஸ்லாந்து, பிரான்ஸ் எல்லாம் பின்னால் வந்தன. இந்தப் பக்கத்து ஆட்கள் 'செக்ஸ் வொர்க்கர்' என்று எழுதவே மாட்டார்கள். வறுமையும் வன்முறையும் தள்ளிய ஒன்றை வேலை என்று அழைப்பது அதை வெள்ளையடிப்பது என்பது அவர்கள் வாதம். நியூசிலாந்து 2003இல் இதைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்தது, 60க்கு 59 என்று ஒரே ஒரு வாக்கில். ஆனால் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் அந்த வேலையைச் செய்யக் கூடாது என்று அதே சட்டத்தில் எழுதிவைத்தார்கள். பெல்ஜியத்தில் 2024 டிசம்பரிலிருந்து வேலை ஒப்பந்தம், மகப்பேறு விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு.

ஜப்பானிய மொழியில் இதற்கு உள்ள சொல்லுக்கு 'வசந்தத்தை விற்றல்' என்று பொருள். அதே ஓசையில் 'வசந்தத்தை வாங்கல்' என்றும் ஒரு சொல் உண்டு, எழுத்துதான் வேறு. குழப்பம் வராமல் இருக்க வாங்குவதை வேறு மாதிரி உச்சரிக்கிறார்கள். விற்றலுக்கு ஒரு சொல், வாங்கலுக்கு ஒரு சொல் என்று இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அங்கே 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஆள் பிடிக்கத் தெருவில் நிற்பவளைத்தான் தண்டிக்கிறது, வாங்குகிறவனைத் தண்டிப்பதில்லை.

இப்போது தமிழ். நாளிதழ்களில் நாம் பார்க்கும் 'விபசாரம்' சமஸ்கிருதத்தின் வ்யபிசாரம். நெறியிலிருந்து விலகிப் போவது என்பதுதான் பொருள், அதில் பணமே கிடையாது. தமிழ் விவிலியத்தில் 'விபசாரம் செய்யாதிருப்பாயாக' என்று வருவது பிறர்மனை உறவைத்தான் குறிக்கிறது, விலைக்கான உறவுக்கு அங்கே வேறு சொல் உண்டு. ஆக நாம் இன்று அந்தச் சொல்லைப் போடும்போது ஒரு தீர்ப்பையும் சேர்த்தே போடுகிறோம். 'விலைமகள்', 'விலைமாது' ஆகியவற்றில் பணம் இருக்கிறது, ஆனால் விலை அவள் உழைப்புக்கு இல்லை, அவளுக்கே ஒட்டப்பட்டிருக்கிறது. குறளின் 'பொருட்பெண்டிர்' அவள் பணத்துக்காகப் பொய்யாகத் தழுவுகிறாள் என்று குற்றம் சொல்லும் இடத்தில் வருவது.

'பாலியல் தொழிலாளி' இவற்றையெல்லாம்விட நல்ல சொல், தயங்காமல் எழுதலாம். ஆனால் அதன் தாய்ச்சொல்லான 'தொழிலில்' சிக்கல் உண்டு. ஒன்று, 'அவ தொழில் பண்றா' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் வழக்கம் நம்மிடம் முன்பே இருக்கிறது, அதனால் இந்தப் புதுச்சொல்லில் பழைய கறை கொஞ்சம் ஏறிவிடுகிறது. இரண்டாவது, நான் ஆரம்பத்தில் மாட்டிக்கொண்ட இடம். தமிழில் தொழிலாளிக்கும் தொழில்தான், தொழிலதிபருக்கும் தொழில்தான். அதனால் நான் இப்போது பிரித்து எழுதுகிறேன். உழைப்பைச் சொல்லும்போது பாலியல் தொழில், முதலாளிகளும் லாபமும் உள்ள சந்தையைச் சொல்லும்போது பாலியல் வணிகம். குழந்தைகளும் கடத்தப்பட்டவர்களும் இந்த இரண்டு சொல்லிலும் வரக் கூடாது. அது பாலியல் சுரண்டல், அங்கே 'தொழிலாளி' என்று எழுதுவது பெரிய பிழை.

பணம் கொடுப்பவனுக்குத்தான் இன்னும் சொல் இல்லை. ஜெர்மானியர்கள் அவனை 'ஃப்ரையர்' என்கிறார்கள், அது பெண் கேட்டு வருகிற மணவாளனுக்கான பழைய சொல், எவ்வளவு மரியாதை பாருங்கள். ஸ்வீடன்காரர்கள் 'காட்' மீனின் பெயரைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். நம் மருதத் திணைப் பாடல்களில் பரத்தையிடம் போய்வருகிறவன் அதன்பிறகும் தலைவன்தான், 'மகிழ்நன்'. இன்றைய செய்தியிலும் அவள் 'விபசார அழகி', அவன் 'உல்லாசமாக இருந்தவர்'. மகிழ்நனுக்கும் உல்லாசத்துக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் போயிருக்கிறது. இதற்குப் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. 'பணம் கொடுத்து உறவு கொண்டவர்' என்று எழுதினால் போதும், எல்லோருக்கும் புரியும்.