எழுபது வயதில் ஒரு புது நாய்

அம்மாவுக்கு 71 வயதாகும்போது அந்த நாய் வீட்டுக்கு வந்தது. அதற்கு 6 வயது இருக்கும் என்று காப்பகத்தில் சொன்னார்கள். முதல் நாள் முழுக்கக் கதவோரத்திலேயே படுத்துக் கிடந்தது. வைத்த சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. முகவாயைத் தரையில் பதித்தபடி, யார் எழுந்து நடந்தாலும் கண்ணை மட்டும் உயர்த்தி அவர்களைப் பின்தொடர்ந்தது.

"வளர்ந்த நாய் நம்மகிட்ட ஒட்டுமா?" என்று கேட்டார் அம்மா. அன்று இரவு இன்னொன்றும் கேட்டார்: "நாளைக்கு எனக்கு ஏதாவது ஆயிட்டா இதை யாரு பார்த்துக்குவாங்க?" வயதான காலத்தில் நாய் வளர்க்க ஆசைப்படும் பலரைத் தடுத்து நிறுத்துவது இந்த இரண்டு கேள்விகள்தான். நாயின் ஒட்டுதல் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

குட்டியாக இருக்கும்போதே எடுத்து வளர்த்தால்தான் நாய் பாசமாக இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் மார்த்தா காச்சியும் அவருடைய குழுவினரும் இதைக் காப்பக நாய்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். எல்லாமே வளர்ந்த நாய்கள். சிலவற்றோடு மட்டும் ஒரே நபர் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 10 நிமிடம், தடவிக்கொடுத்துப் பேசி விளையாடினார். பிறகு பழக்கமில்லாத ஓர் அறையில் அந்த நாய்களை விட்டு, அவரும் முன்பின் தெரியாத ஒருவரும் மாறி மாறி வரும்போதும் போகும்போதும் அவை எப்படி நடந்துகொள்கின்றன என்று கவனித்தார்கள். குழந்தைக்குத் தாயிடம் உள்ள பிணைப்பை அறிய உளவியலாளர்கள் செய்யும் சோதனையின் நாய் வடிவம் இது. அந்த 30 நிமிடப் பழக்கத்துக்கே நாய்கள் அவரைத் தம் ஆளாக நடத்தத் தொடங்கியிருந்தன. இந்த முடிவு வெளியானது 2001இல். பாசம் குட்டிப் பருவத்தோடு முடிந்துபோவதில்லை. மனிதத் துணையில்லாமல் கிடந்த நாய் அதற்காக ஏங்கிக்கொண்டே இருக்கிறது.

உடலுக்குள் இது எப்படி நடக்கிறது? ஆக்சிடோசின் என்ற ஹார்மோனுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. வெறும் 9 அமினோ அமிலங்கள் கோத்த சின்ன மூலக்கூறு அது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸில் உருவாகிறது. பிரசவத்தில் கருப்பையைச் சுருங்க வைப்பதும், குழந்தை வாய் வைத்ததும் தாய்ப்பாலைச் சுரந்து வரச் செய்வதும் இதுதான். தாயையும் சேயையும் பிணைக்கும் இந்த ஏற்பாட்டுக்குள் நாய் எப்படியோ நுழைந்துவிட்டது.

ஜப்பானில் மிஹோ நாகசாவாவும் சக ஆய்வாளர்களும் நாய்களையும் அவற்றை வளர்ப்பவர்களையும் 30 நிமிடம் ஓர் அறையில் ஒன்றாக இருக்கவிட்டு, முன்னும் பின்னும் இருவரின் சிறுநீரிலும் ஆக்சிடோசினை அளந்தார்கள். 2015இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. எந்த நாய்கள் தம் மனிதரின் கண்ணை நெடுநேரம் பார்த்தனவோ, அந்த இணைகளில் இரு தரப்பிலும் ஹார்மோன் உயர்ந்திருந்தது. நாய் பார்க்கிறது, மனிதருக்குச் சுரக்கிறது, அவர் பேசுகிறார், தடவுகிறார், நாய்க்குச் சுரக்கிறது, அது மறுபடியும் பார்க்கிறது. சக்கரம் சுழலத் தொடங்கிவிடுகிறது. மனிதர் கையால் வளர்ந்த ஓநாய்களிடம் இந்தச் சக்கரம் சுழலவில்லை. சிறுநீரில் உள்ள அளவை வைத்து மூளைக்குள் நடப்பதை அப்படியே சொல்லிவிட முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் நாய் வளர்த்த எவரும் இந்த முடிவைக் கண்டு ஆச்சரியப்பட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கதவோரத்து நாய் கண்ணை உயர்த்தியது என்றேனே, அதற்கென்றே ஒரு தசை இருக்கிறது. புருவத்தின் உள்முனையைத் தூக்கும் இந்தத் தசை நாய்களுக்கு நன்றாக வளர்ந்திருக்கிறது. ஓநாய்களின் முகத்தில் அந்த இடத்தில் சில இழைகள்தான் இருக்கின்றன. ஜூலியன் கமின்ஸ்கியின் குழு 2019இல் இதை வெளியிட்டது. புருவம் உயரும்போது கண் பெரிதாகத் தெரிகிறது, குழந்தை முகம்போல் ஆகிவிடுகிறது. நம்மால் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

அப்படியென்றால் முதல் நாளே ஏன் சக்கரம் சுழலவில்லை? பயம்தான் காரணம். புது இடத்தில் நாயின் உடலில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறியிருக்கும். அந்த நிலையில் அறிமுகமில்லாதவர் நேருக்கு நேர் உற்றுப் பார்த்தால், நாய் அதை மிரட்டலாகத்தான் எடுத்துக்கொள்ளும். புது நாயைக் கண்ணோடு கண் பார்த்துக் கொஞ்சுவது, குனிந்து கட்டிப்பிடிப்பது, இதெல்லாம் அன்பினால் செய்யும் தவறுகள். பக்கவாட்டில் உட்கார்ந்து, அதைக் கவனிக்காததுபோல் இருப்பதே மேல். அதற்குள் நாய் மூக்கால் நம்மைப் படித்துக்கொண்டிருக்கும். நான்காம் நாள் அம்மாவின் செருப்பை அது மோந்துகொண்டே இருந்ததைப் பார்த்தேன். ஒன்றை முடித்துவிட்டு, மற்றதுக்குப் போய், திரும்பவும் முதல் செருப்புக்கு வந்தது. அன்று மாலை அம்மாவின் காலருகே வந்து படுத்தது. அதன்பிறகுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது.

நாய் வந்தால் நடை கூடும். பிரிட்டனில் 65 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், நாய் வளர்ப்பவர்கள் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 22 நிமிடம் அதிகமாக நடந்தார்கள். சுமார் 2,760 எட்டுகள். முதுமையில் எலும்புக்கும் தசைக்கும் வேண்டியது இந்த அன்றாடச் சுமைதான். எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள் ஒவ்வொரு எட்டின் அழுத்தத்தையும் உணர்ந்து, எந்த இடத்தை வலுவாக்க வேண்டும் என்று தகவல் அனுப்புகின்றன. சுமையே இல்லையென்றால் எலும்பு மெல்லக் கரையும். ஆனால் நாய் வளர்த்தாலே ஆயுள் கூடும் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே தெம்பாக இருப்பவர்கள்தானே நாயை வளர்க்கத் துணிகிறார்கள்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. நாயைச் சங்கிலியில் பிடித்து நடந்தபோது எலும்பு முறிந்து அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்த 65 வயதைக் கடந்தவர்கள், 2004இல் சுமார் 1,671 பேர். 2017இல் 4,396 பேர். இடுப்பு, மணிக்கட்டு, தோள் என்று முறிவுகள். நமக்கு நேர் எதிரே இழுத்தால் ஓரெட்டு முன்னால் வைத்துச் சமாளித்துவிடலாம். பக்கவாட்டில் இழுத்தால் ஒரு காலை மற்றதன் குறுக்கே வேகமாக வைக்க வேண்டும். அந்த வேகம் வயதாக ஆகக் குறைகிறது. எனவே சங்கிலியைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. துள்ளும் குட்டியைவிட நிதானமான நாய் நல்லது என்பதற்கும் இதுவே பெரிய காரணம்.

நாய் வயதை 7ஆல் பெருக்கும் பழைய கணக்கு சரியில்லை. டிஎன்ஏவில் வயதோடு ஏறும் வேதிக்குறிகளை லாப்ரடார் நாய்களிலும் மனிதர்களிலும் ஒப்பிட்டு, 2020இல் வேறொரு கணக்கு வந்தது. அதன்படி ஒரு வயது நாய் 31 வயது மனிதருக்குச் சமம். பிறகு வேகம் குறைந்துகொண்டே போகும். 6 வயது நாய்க்குக் கிட்டத்தட்ட 60. எங்கள் நாய் லாப்ரடார் இல்லை, கணக்கு முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் காலையில் இருவரும் ஒரே நடையில் போவதைப் பார்க்கும்போது எனக்கு அந்த 60 நினைவுக்கு வரும்.

அம்மாவின் இரண்டாவது கேள்விக்கும் புடாபெஸ்ட் நாய்களிடம்தான் விடை இருந்தது. புது மனிதரோடு பிணைய முடிந்த நாயால் இன்னொரு முறையும் பிணைய முடியும். அந்த மனிதர் யாரென்று முன்கூட்டியே முடிவு செய்து, நாய்க்கு அவரைப் பழக்கிவைத்தால் போதும். அம்மா என் தங்கையைக் கேட்டார், அவள் சரியென்றாள். இப்போது ஞாயிறுதோறும் வருகிறாள். வந்ததும் சங்கிலியை அவள் கையில் கொடுத்துவிட்டு அம்மா உள்ளே போய்விடுகிறார், ஒரு 10 நிமிடம்.