பல இனத்தவர் வாழும் பகுதியில் அக்கம்பக்கத்தார் மீதான நம்பிக்கை ஏன் குறைவாகத் தெரிகிறது?

2007இல் அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் வெளியிட்ட ஆய்வு பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அமெரிக்காவில் சுமார் 30,000 பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பை அலசிய அவர், பல இனத்தவர் கலந்து வாழும் பகுதிகளில் மக்கள் அக்கம்பக்கத்தாரைக் குறைவாக நம்புகிறார்கள், தங்களுக்குள் ஒடுங்கிக்கொள்கிறார்கள் என்றார். குடியேற்றத்தை எதிர்ப்பவர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் சராசரி என்பது ஏமாற்றக்கூடியது. அக்கம்பக்கத்தார் மீதான நம்பிக்கைக்கு ஒரு குழு பொதுவாகப் பத்துக்கு 7 மதிப்பெண் கொடுக்கிறது, இன்னொரு குழு 5 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் குழு மட்டும் வாழும் இடத்தில் சராசரி 7. இரண்டும் பாதிக்குப் பாதி வாழும் இடத்தில் 6. கலந்து வாழ்வதால் யார் மனமும் மாறவில்லை. ஆனாலும் எண் இறங்கிவிட்டது! 2015இல் மரியா அபாஸ்கலும் டெலியா பல்தசாரியும் புட்னமின் தரவையே மறுபடி அலசியபோது, இந்தக் கணக்கு பெரிய பங்கு வகிப்பது தெரிந்தது. கலப்புப் பகுதிகளில் அதிகம் வாழும் சிறுபான்மையினர்தான் இங்கே 5 கொடுக்கும் குழு. அவர்கள் குறைவாக நம்புவதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை: வருமானம் குறைவு, பாகுபாடு அதிகம். வறுமையைக் கழித்துப் பார்த்தால் இனக்கலப்பின் தாக்கம் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்விலும் பெருமளவு கரைந்துபோனது.

அதற்காகத் தாக்கமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2020இல் 87 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் சிறிய எதிர்மறைத் தொடர்பு மிஞ்சியது. அண்டை வீட்டாரை நம்புவதில்தான் அது கூடுதல்.

சரி, உரசல் எங்கே நடக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதைத்தான் தேடியது. நியூயார்க்கில் 311 என்ற எண்ணுக்கு அழைத்து மாநகராட்சியிடம் புகார் சொல்லலாம். பக்கத்து வீட்டில் சத்தம், வாகனம் வழியை மறிக்கிறது, தெருவில் குடிக்கிறார்கள் என்று அண்டை அயலார் மீது வந்த புகார்களை யோஷா லெகேவியும் மெர்லின் ஷேஃபரும் வரைபடத்தில் பொருத்தினார்கள். இரண்டு இனப் பகுதிகளுக்கு நடுவே எல்லை பளிச்சென்று தெரியும் இடத்தில் புகார் அவ்வளவாக இல்லை. எது யார் பகுதி என்று தெளிவில்லாத மங்கலான எல்லைகளில்தான் அதிகம்.

லண்டனைப் பற்றிய 2014ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே வறுமையைக் கணக்கில் எடுத்தபின், இனக்கலப்பு கூடிய வட்டாரங்களில் ஒற்றுமை உணர்வு அதிகமாகவே இருந்தது, குறிப்பாக இளைஞர்களிடம். அது குறைந்தது, இனங்கள் தனித்தனியாகப் பிரிந்து வாழ்ந்த இடங்களில்தான்.