நுண்ணறிவுச் சோதனைக்கும் வயதாகும், அதை உளவியலாளருக்கு யார் சொல்கிறார்கள்?

பிள்ளைக்கு பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கவேண்டும், அல்லது படிக்கவே திணறுகிறான் என்று ஆசிரியர் கூப்பிட்டுச் சொல்கிறார் என்றால், சிங்கப்பூரில் விஷயம் கடைசியில் போய் நிற்பது உளவியலாளரின் அறிக்கையில்தான். அதிலிருக்கும் எண்களைப் பற்றிப் பெற்றோர் நிறைய கேட்கிறோம். ஆனால் அதை எழுதியவர், பட்டம் வாங்கிப் பதினைந்து வருடம் ஆனவராக இருக்கலாம், துறையில் நடுவில் மாறியதை எல்லாம் எப்படித் தெரிந்துகொள்கிறார் என்று கேட்பதில்லை.

ஏன் அது முக்கியம்? வெக்ஸ்லர் என்ற நுண்ணறிவுச் சோதனையை எடுத்துக்கொள்வோம். சராசரி 100. சோதனை தயாரானபோது மாதிரிக்காகத் தேர்ந்து அதை எழுதவைத்த குழந்தைகளோடு ஒப்பிட்டுத்தான் உங்கள் பிள்ளைக்கு மதிப்பெண். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிடக் கொஞ்சம் நன்றாகச் செய்கிறது. அமெரிக்காவில் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி ஏறியதை ஜேம்ஸ் ஃபிளின் என்ற ஆய்வாளர் 1984இல் காட்டினார். (சில நாடுகளில் அண்மையில் இந்த ஏற்றம் நின்று, இறங்கவும் செய்திருக்கிறது. அது வேறு கதை.) அதாவது 20 வருடப் பழைய பதிப்பில் சோதித்தால் மதிப்பெண் ஆறு புள்ளிபோல ஊதித் தெரியும். சிறப்பு உதவிக்கான எல்லை 70 என்று வைத்தால், உண்மையில் 70இல் இருக்கும் பிள்ளை தாளில் 76 ஆகி, உதவி கிடைக்காமல் போகும். கனாயா, ஸ்கல்லின், செசி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் இது அப்படியே தெரிந்தது: எல்லைக்கோட்டில் இருந்த மாணவர்களைப் புதிய பதிப்பில் மறுபடி சோதித்தபோது சராசரியாக 5.6 புள்ளி இறங்கியது. பிள்ளைகள் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது.

சரி, இப்படி ஒரு ஆய்வு வந்தது என்று பள்ளி பள்ளியாக ஓடிக்கொண்டிருக்கும் ஓர் உளவியலாளருக்கு யார் சொல்வது? ஆய்விதழ்கள் புள்ளியியல் மொழியில், ஆராய்ச்சியாளர்களுக்காக எழுதப்படுபவை. இங்கேதான் தொழில்முறைச் சங்கங்களின் உறுப்பினர் இதழ் வேலை செய்கிறது. 1969இல் தொடங்கிய அமெரிக்கத் தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது: ஆய்வுக்கு ‘ஸ்கூல் சைக்காலஜி ரிவியூ’, உறுப்பினர்களுக்கு ‘கம்யூனிகே’ என்ற செய்தித்தாள். முதலாவது ‘இது உண்மையா’ என்று பார்க்கும். இரண்டாவது ‘உண்மை என்றால் திங்கட்கிழமை நான் என்ன செய்ய?’ என்பதற்குப் பதில் சொல்லும்: புதிய பதிப்புக்கு எப்போது மாறுவது, அறிக்கையில் எப்படி எழுதுவது, பெற்றோரிடம் எப்படிப் பேசுவது, சட்டம் மாறினால் என்ன. பெற்றோர் கையில் கொடுக்கும்படியான துண்டுப் பிரதிகள்கூட வருவதுண்டு.

அதற்காக இப்படிப்பட்ட இதழில் வருவதெல்லாம் வேதவாக்கு இல்லை. ஆய்விதழில் போடும் அளவுக்குச் சல்லடை இங்கே பொதுவாக இருக்காது. ஒருவரின் அனுபவம் ஆய்வு முடிவைப்போல வாசிக்கப்படும் ஆபத்து உண்டு. நல்ல உளவியலாளர் இதில் ஒரு விஷயத்தைப் பிடித்து, மூல ஆய்வைத் தேடிப் போவார்.

சிங்கப்பூருக்கு இன்னொரு சுற்று வேலையும் இருக்கிறது. அமெரிக்காவில் எழுதுபவர் அமெரிக்கப் பள்ளியை மனதில் வைத்தே எழுதுவார். வீட்டில் பாட்டியோடு தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் நம் பிள்ளை ஆங்கிலச் சொல்வளப் பகுதியில் குறைவாக வாங்கினால், அது அறிவைக் காட்டுகிறதா, கேட்டுப் பழகிய ஆங்கிலத்தின் அளவைக் காட்டுகிறதா? ‘இரண்டு மொழி குழப்பும், தமிழை விட்டுவிடுங்கள்’ என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இருமொழியால் பேச்சு தாமதமாகிறது என்பதை ஆய்வுகள் ஆதரிப்பதில்லை. இந்த மாதிரிச் செய்திகளை வெளியிலிருந்து வரும் இதழ் பாதி தூரம்தான் கொண்டுவரும். மீதியை 1979இல் தொடங்கிய சிங்கப்பூர் உளவியல் சங்கம் போன்ற உள்ளூர் அமைப்புகளும், நம் பள்ளிகளை அறிந்தவர்களும் எழுதினால்தான் உண்டு.

அறிக்கை கையில் வந்ததும் எந்தச் சோதனை, எந்தப் பதிப்பு, எந்த நாட்டுக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள், வீட்டில் பேசும் மொழியைக் கணக்கில் எடுத்தார்களா என்று கேளுங்கள். அப்டேட்டாக இருப்பவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், பெரும்பாலும் சந்தோஷமாகவே விளக்குவார்.