கலசத்துல இரிடியமா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இத படிங்க

போன ஆடி மாசம் எங்க லேபுக்கு ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் வந்தாரு, கையில துண்டுல சுத்துன ஒரு பொருள், கூட அவரோட மருமகன். "தம்பி, இத டெஸ்ட் பண்ணி இரிடியம்னு ஒரு சர்டிபிகேட் மட்டும் போட்டுக் குடுங்க"ன்னாரு. பிரிச்சுப் பாத்தா ஒரு கோயில் கலசம், சின்னதுதான், ஒரு முழம் கூட இருக்காது. அதுக்கு ஏற்கனவே நாலு லட்சம் அட்வான்ஸ் குடுத்துட்டாரு, பென்ஷன் வந்த பணம், மிச்சம் ஆறு லட்சம் அந்த வாரத்துக்குள்ள கட்டணுமாம்.

தங்கம், வெள்ளி, பிளாட்டினம் டெஸ்ட் பண்றதுதான் எனக்கு 17 வருஷமா வேலை. கோயில் கலசத்துல கோடிக்கணக்குல விலை போற இரிடியம் இருக்குன்னு சொல்லி பணம் பறிக்கிற இந்த மோசடியில ஏமாந்தவங்கள பாத்துப் பாத்து மனசு விட்டுப் போச்சு, அதான் எழுதுறேன்.

இரிடியம்னு ஒரு உலோகம் நெஜமாவே இருக்குங்க, அத வச்சுத்தான் பொய்யவே கட்டுறாங்க. பிளாட்டினம் குடும்பத்துல ஒண்ணு. 1803ல ஸ்மித்சன் டெனன்ட்னு ஒரு இங்கிலாந்து வேதியியலாளர், பிளாட்டின தாதுவ ராஜ திராவகத்துல கரைச்சப்புறம் அடியில கரையாம நின்ன கருப்புத் தூள ஆராய்ஞ்சு கண்டுபிடிச்சாரு. தங்கத்தையே கரைக்கிற திராவகம் இதத் தொட முடியல பாருங்க. உருகுறதுக்கு 2446 டிகிரி வேணும், செம்பு 1085லயே உருகிடும். தனியா இருந்தா ரொம்ப கடினம், ஆனா நொறுங்குற குணம், தட்டி வளைக்கிறது பெரும்பாடு. அப்படி ஒரு உலோகத்த 500 வருஷம் 1000 வருஷம் முன்னாடி நம்ம ஆளுங்க கரி உலையில உருக்கி கலசமா வார்த்தாங்கன்னு சொன்னா நம்பாதீங்க, வழியே இல்ல.

அதனால இத பெரும்பாலும் பிளாட்டினத்தோட சேத்துத்தான் நகை, கருவின்னு பண்ணுவாங்க. 90 பங்கு பிளாட்டினம், 10 பங்கு இரிடியம், இந்தக் கலவை மாதிரி மாறாம நிக்கிற கலவைய பாக்குறது கஷ்டம். துருப்பிடிக்காது, ஆசிட் அரிக்காது, வெறும் பிளாட்டினம் மாதிரி மெத்துன்னும் இருக்காது. உலகத்துக்கே ஒரு கிலோன்னா எவ்வளவுன்னு அளவு காட்டுன கட்டி இதுலதான் பண்ணது. 1889ல இருந்து பாரிஸ் பக்கத்துல செவ்ருங்கிற ஊர்ல கண்ணாடிக் குடுவைக்குள்ள பூட்டி வச்சிருக்காங்க, உயரம் 39 மில்லிமீட்டர், அகலமும் அதே 39, அவ்வளவு சின்னதுக்குள்ள முழுசா ஒரு கிலோ. சுமார் நூறு வருஷத்துல அதுக்கும் அதோட நகல்களுக்கும் நடுவுல வந்த வித்தியாசம் 50 மைக்ரோகிராம் அளவுதான், அந்த வித்தியாசத்தையும் தாங்க முடியாமத்தான் 2019 மே 20ல இருந்து கிலோவுக்கு வேற விளக்கம் வச்சாங்க. நம்ம நாட்டுக்கு வந்த நகல் 57ஆம் நம்பர், டெல்லியில தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துல இருக்கு.

பேஸ்மேக்கர்ல இதயத்துக்குப் போற ஒயர் நுனி இந்தக் கலவைதான். பைக்குக்கு இரிடியம் ஸ்பார்க் பிளக் வாங்கியிருப்பீங்க, அதோட நுனியில மெல்லிசா ஒரு துளி இருக்கும். அது சில நூறு ரூபாய்க்குக் கடையில கிடைக்குது, யாரும் ரகசியமா விக்கல.

அடுத்து ரேடியேஷன் கதை. கவச உடை போட்ட ஆள் வந்து "கிட்ட போகாதீங்க, பவர் ஜாஸ்தி"ன்னு பயமுறுத்துவான். இயற்கையா இருக்கிற இரிடியத்துல கதிர்வீச்சு கிடையாது. ரியாக்டர்ல வச்சு உண்டாக்குற இரிடியம் 192ல உண்டு, அத கேன்சர் ட்ரீட்மெண்டுக்கும் பாய்லர், பைப் வெல்டிங்க படம் எடுத்துப் பாக்குறதுக்கும் லைசென்ஸோட யூஸ் பண்றாங்க. அது 74 நாள்ல பாதியாயிடும், இன்னொரு 74 நாள்ல கால்வாசி. நூறு வருஷம் கோபுரத்து மேல இருந்த கலசத்துல அது எப்படி மிச்சம் இருக்கும்?

இடி விழுந்து செம்பு இரிடியமா மாறிடுச்சும்பான். செம்போட அணு எண் 29, இரிடியத்துக்கு 77, மின்னல் செம்ப உருக்கும், ஓட்டை போடும், ஆனா வேற தனிமமா மாத்தாது. கலசம் அரிசிய இழுக்கும்பான், இரிடியத்துக்கு இரும்பு மாதிரி காந்த குணம் இல்ல, அரிசியில இரும்புத்தூள ஒட்டி உள்ள காந்தத்த வச்சா எந்தச் சொம்பும் இழுக்கும்.

விலைய மட்டும் கொஞ்சம் நிதானமா கணக்குப் போடுங்க. 2021ல இரிடியம் விலை உச்சத்துல போனப்ப ஒரு அவுன்ஸ் 6000 டாலர், அதாவது அன்னிக்கு ரூபாய்ல கிராம் சுமார் 14 ஆயிரம், கிலோ 1.4 கோடி. உலகம் முழுக்க வருஷத்துக்குத் தோண்டி எடுக்கிறதே ஏழெட்டு டன்தான், அதுல பெரும்பகுதி தென்னாப்பிரிக்கா. ஏழு டன்னுன்னு வச்சா மொத்தம் 9800 கோடி. உங்ககிட்ட வர்றவன் ஒரே ஒரு கலசத்துக்கு லட்சம் கோடி, ரிசர்வ் பேங்குல ஃபண்ட் வந்து நிக்குது, கமிஷன் கட்டுனா ரிலீஸ் ஆயிடும்னு சீல் வச்ச லெட்டர் காட்டுறான். ரிசர்வ் பேங்க் அப்படி யாருக்கும் பணம் குடுக்கிறது இல்லீங்க.

எங்க தொழில்ல நெஜ இரிடியத்த நாங்க பாக்குறது தங்கத்துலதான். சில பேரு எடைக்காக இரிடியம், அதே குடும்பத்து ருத்தேனியம் தூள நகையில சேக்குறாங்க. அது தங்கத்தோட கரையாம துகளாவே கிடக்கும், உரைகல்லுல சிக்காது, பாலிஷ் போடும்போது புள்ளி புள்ளியா முழிக்கும். எக்ஸ்ரே அடிச்சு என்னென்ன உலோகம் இருக்குன்னு காட்டுற எக்ஸ்ஆர்எஃப் மிஷின்ல காட்டிடும். பழைய நகைய சுத்தம் பண்ண ராஜ திராவகத்துல போட்டா அடியில கருப்புத் தூளா நிக்கும், டெனன்ட் 1803ல பாத்த அதே மாதிரி.

சரி, வாத்தியார் கலசத்துக்கு வர்றேன். மிஷின்ல வைக்கிறதுக்கு முன்னாடி அவர் கண்ணு முன்னாலயே எடை போட்டேன், 1 கிலோ 840. விளிம்பு வரைக்கும் தண்ணி நிரப்புன பாத்திரத்துல, உள்ள காத்து தங்காம சாய்ச்சு முக்கி, வழிஞ்ச தண்ணிய அளந்தேன், 216 மில்லி. எடைய அந்தத் தண்ணி அளவால வகுத்தா ஒரு மில்லிக்கு எட்டரை கிராம். பித்தளைக்கு வர்ற அளவு அது. இரிடியத்துக்கு இருபத்திரெண்டரைக்கு மேல வரணும், அதே கலசம் 4 கிலோ 870 கிட்ட கனத்திருக்கும். இந்த டெஸ்ட நீங்க வீட்டு சமையல்கட்டுலயே பண்ணலாம், பைசா செலவில்ல. அப்புறம் மிஷின்லயும் வச்சோம், செம்பு, துத்தநாகம், கொஞ்சம் ஈயம். இரிடியம் துளி இல்ல.

அவர் ரொம்ப நேரம் பேசல. மருமகன்தான் "மாமா, மிச்ச ஆறு லட்சம் தப்பிச்சுதுல்ல"ன்னாரு. நாலு லட்சத்துக்கு மாவட்ட குற்றப்பிரிவுல புகார் குடுங்க, வாட்ஸ்அப் மெசேஜ், பேங்க் ஸ்லிப் எதையும் அழிக்காதீங்க, ஆன்லைன்ல அனுப்புன பணத்துக்கு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் போடுங்கன்னு சொன்னேன்.

இன்னொன்னும் சொல்ல வேண்டியிருந்துச்சு. கலசத்தோட அடியில பழைய சுண்ணாம்புச் சாந்து அப்படியே ஒட்டியிருந்துச்சு, உள் மடிப்புல, கோபுரக் கலசத்துக்குள்ள போடுற வரகு மணி ரெண்டு மூணு. ஏதோ ஒரு ஊர் கோபுரத்துல இருந்து பேத்து எடுத்துட்டு வந்திருக்கானுங்க. வாத்தியாருக்கு அப்பத்தான் கண்ணு கலங்குச்சு. அன்னிக்கு சாயந்தரமே மூணு பேருமா போய் ஸ்டேஷன்ல ஒப்படைச்சோம். எந்த ஊர் கோயில்னு இன்னும் தேடிட்டு இருக்காங்க.