முற்றுகைக் காசு: 'ஆப்சிடியனல்' என்றால் என்ன?

பழங்காசு ஏலப் பட்டியல்களில் 'ஆப்சிடியனல்' என்ற சொல் கண்ணில் படும். கோட்டையை எதிரி வளைத்துவிட்டான், வெளியிலிருந்து பணம் வர வழியில்லை, உள்ளே இருக்கும் படைக்குக் கூலி கொடுத்தாக வேண்டும், அந்த நேரத்தில் கிடைத்த வெள்ளியை வெட்டி முத்திரை குத்திப் புழக்கத்தில் விட்ட காசுதான் அது. வேர் லத்தீனின் 'ஆப்சிடியோ', முற்றுகை. எதிரே என்ற முன்னொட்டும் உட்கார் என்ற வினையும் சேர்ந்த சொல்; கோட்டைக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்வது!

இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத்துக்கு எதிராக மன்னர் முதலாம் சார்லஸ் பக்கம் நின்ற நியூவார்க் நகரத்துக் காசுகள் இதற்குப் பேர்போனவை. வட்டமே இல்லை, வைர வடிவம். வீட்டு வெள்ளித் தட்டுகளைத் துண்டு போட்டுத்தான் அடித்தார்கள், சிலவற்றில் பழைய பாத்திரத்தின் தங்கப் பூச்சுகூட இன்னும் ஒட்டியிருக்கிறது. ஒரு பக்கம் கிரீடம், அதன் இருபுறமும் மன்னர் பெயரின் எழுத்துகள், கீழே ரோமன் எண்ணில் மதிப்பு: 30, 12, 9, 6 பென்ஸ். மறுபக்கம் 'முற்றுகையிடப்பட்டது' என்பதன் லத்தீன் சுருக்கம், ஊர்ப் பெயர், 1645 அல்லது 1646. அவ்வளவுதான்.

சரி, தமிழில்? தற்காலிக நாணயம் என்றால் பாதிப் பொருள்தான் வருகிறது. நெருக்கடிக் காசு என்பது இன்னும் அகலமானது, மெக்சிகோவின் தூரங்கோவில் 1914-ல் புரட்சிப் படையினர் அப்போதைய அதிபரைக் குறித்து 'உவேர்தா சாகட்டும்' என்று பொறித்து அடித்த வெள்ளி பெசோவையும் அதில் சேர்க்கலாம், ஆனால் அது முற்றுகைக்குள் பிறந்ததல்ல. நம் புறத்திணையில் மதிலை வளைப்பது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி. காசு அடிப்பவர் உள்ளே இருப்பவர் என்பதால் 'நொச்சிக் காசு' என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அதற்கே தனியாக ஒரு விளக்கம் எழுத வேண்டிவரும். முற்றுகைக் காசு என்பதே போதும்.

அரசியலை அப்படியே காட்டுபவை, அதே போரில் மன்னர் பக்கம் நின்ற பான்டிஃபிராக்ட் கோட்டைக் காசுகள். 1649 ஜனவரியில் சார்லஸின் தலை வெட்டப்பட்டது, நாடாளுமன்றம் முடியாட்சியையே ஒழித்தது. முற்றுகைக்குள் இருந்தவர்களோ 'தந்தை இறந்தபின் மகனுக்காக' என்று லத்தீனில் பொறித்து, இரண்டாம் சார்லஸ் பெயரில் காசு அடித்தார்கள். அந்த மார்ச்சிலேயே கோட்டை பணிந்தது. மகன் அரியணை ஏற 1660 ஆயிற்று.