கோட்டின் நிறத்தை மாற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது?

எகிப்தின் அஸ்வானில் நைல் நதியில் 1871 முதல் 1970 வரை ஆண்டுதோறும் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்ற கணக்கு புள்ளியியல் படிப்பவர்களுக்குப் பழகிய ஒன்று. மொத்தம் நூறு எண்கள். 1898 வாக்கில் சராசரி சட்டென்று விழுகிறது. பத்துக் கோடி கனமீட்டரை ஓர் அலகாக வைத்தால், சுமார் 1,100-லிருந்து 850-க்கு.

இதைக் கிரெட்ல் என்ற இலவச மென்பொருளில் வரைகிறோம். கோடு மெல்லியதாக வருகிறது, அந்தச் சரிவு கண்ணில் படவில்லை. வலது கிளிக் செய்து, திருத்தும் பெட்டியைத் திறந்து, கோட்டின் தடிமனை 1-லிருந்து 3 ஆக்கி, நிறத்தை அடர்நீலமாக்கி, பட்டனை அழுத்துகிறோம். ஒரு சிமிட்டல், கோடு மாறிவிட்டது.

இருந்த கோட்டின் மேலேயே கணினி நீலம் பூசிவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் திரையில் இருந்த படத்தில் கோடு என்று எதுவுமே கிடையாது, வெறும் நிறப் புள்ளிகள்தான். கிரெட்லுக்குப் படம் போடவும் தெரியாது. அது ஓர் உரைக் கோப்பை எழுதி, 1986-லிருந்து இருந்துவரும் க்னூபிளாட் என்ற நிரலிடம் கொடுத்து, படத்தை வாங்கி வந்து காட்டுகிறது. சமையல் குறிப்பு மாதிரிதான் அந்தக் கோப்பு: அச்சுகளின் பெயர், எல்லைகள், கோட்டின் நிறம், தடிமன், கூடவே அந்த நூறு எண்கள். நம் கிளிக் அந்தக் குறிப்பில் 1-ஐ அழித்து 3 என்று எழுதியது, அவ்வளவுதான். பழைய படம் குப்பைக்குப் போனது, புதுப் படம் முதலிலிருந்து வரையப்பட்டது.

சந்தேகம் இருந்தால் படத்தை ஐகானாகச் சேமித்து, வரைபடக் கட்டளைகளைத் திறந்து பாருங்கள். அந்த 3 அங்கே இருக்கும். கையாலேயே 4 என்று மாற்றினாலும் வேலை நடக்கும்.

சரி, வெறும் புள்ளிகள்தான் என்றால் மவுஸ் எந்த ஆண்டின் மேல் நிற்கிறது என்று எப்படித் தெரிகிறது? பள்ளிக்கூட விகிதக் கணக்குதான். படத்தில் அச்சின் இடது முனை 60-ஆவது புள்ளியில் 1870, வலது முனை 600-ஆவது புள்ளியில் 1970 என்று வைத்துக்கொள்வோம். மவுஸ் 330-இல் நின்றால் அது நட்டநடு, அதாவது 1920. ஒரு பகுதியைப் பெரிதாக்கும்போதும் குறிப்பில் அச்சின் எல்லைகள்தான் மாறுகின்றன, அதனால்தான் எழுத்துகள் மங்குவதில்லை.

ஆய்வேட்டுக்காகப் பன்னிரண்டு வரைபடங்களை நான் இப்படிக் கிளிக் செய்தே அழகுபடுத்தியிருக்கிறேன். வழிகாட்டி பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா, இந்த வருஷ டேட்டாவையும் சேர்த்துடு" என்றார். பன்னிரண்டையும் மறுபடி முதலிலிருந்து!

இந்தத் தலைவலிக்கு ஸ்டாட்டா என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளில் ஒரு மருந்து உண்டு. 2007-இல் வந்த அதன் 10-ஆம் பதிப்பில் வரைபடத் திருத்தி சேர்ந்தது. அதில் பதிவு பட்டனை அழுத்திவிட்டு வேலை செய்தால், நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் கட்டளையாக ஒரு கோப்பில் சேரும். அப்புறம் அதை வேறொரு வரைபடத்தின் மேல் ஓட்டிக்கொள்ளலாம். தலைப்பின் அளவு, கோட்டின் நிறம் போன்றவை சமர்த்தாக இடம் மாறிவிடும். படத்தின் மேல் நாம் எழுதி, கையால் இழுத்து வைத்த சொற்கள்தான் மாட்டிக்கொள்ளும். நைல் படத்தில் சரிவுக்குப் பக்கத்தில் '1898' என்று எழுதி வைத்தால், பதிவாவது அந்த இடம் மட்டுமே. அங்கே ஏன் வைத்தோம் என்பது கோப்புக்குத் தெரியாது. வேறொரு நதியின் படத்தில் ஓட்டினால் வெட்டவெளியில் '1898' தொங்கும்.

கிரெட்லில் தமிழில் அச்சுப் பெயர் போடுபவர்களுக்கும் அந்தச் சமையல் குறிப்புதான் கைகொடுக்கும். 'கொள்ளளவு' என்று எழுதினால் சில நேரம் 'கொ'வின் கொம்பும் காலும் பிரிந்து, தப்பான இடத்தில் நிற்கும். தமிழெழுத்தை ஒட்டவைக்கத் தெரியாத பழைய பிஎன்ஜி முறையில் படம் வெளியாவதுதான் பெரும்பாலும் காரணம். குறிப்பின் தலைப்பகுதியில் படத்தின் வகையைச் சொல்லும் வரி ஒன்று இருக்கும். அங்கே பிஎன்ஜி-கெய்ரோ (pngcairo) என்று மாற்றி, தமிழ் எழுத்துருவின் பெயரையும் கொடுத்தால், எழுத்தைக் கோக்கும் வேலையைப் பாங்கோ என்ற நூலகம் பார்த்துக்கொள்ளும். கொம்பு முன்னால், கால் பின்னால்.